வைக்கோலை எரிவாயுவாக்கும் ரூமன் நுண்ணுயிர்கள்: ஒரு தொடக்க விளக்கம்

வைக்கோலைத் தின்று பால் தரும் மாட்டுக்கு வைக்கோலைச் செரிக்கத் தெரியாது. வைக்கோலின் முக்கிய நாரான செல்லுலோஸை உடைக்கும் நொதி எதுவும் மாட்டின் உடம்பில் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அவை வைக்கோலைப் புளிக்க வைத்துத் தரும் அமிலங்களை உறிஞ்சியும், அடுத்த வயிறுகளுக்கு இறங்கி வரும் அந்த நுண்ணுயிர்களையே செரித்தும்தான் மாடு பிழைக்கிறது. இதே நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து வைக்கோலிலிருந்து அடுப்பெரிக்க எரிவாயு எடுக்கலாம். ஆனால் மாட்டு வயிற்றை அப்படியே நகலெடுத்தால் அது நடக்காது. காரணம் புரிந்துவிட்டால், தொட்டியை எப்படி அமைக்க வேண்டும் என்பதும் தானே விளங்கிவிடும்.

முதல் வயிற்றுக்குக் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பெயர் ரூமன். வளர்ந்த மாட்டுக்கு 100 முதல் 150 லிட்டர் பிடிக்கும் பை அது. உள்ளே 39 டிகிரி செல்சியஸ் சூடு, காற்று கிட்டத்தட்ட இல்லை, கார அமில நிலை (பி.எச்.) 6-க்கும் 7-க்கும் இடையில். அந்தக் கூழில் ஒரு மில்லி லிட்டர் எடுத்தால் ஆயிரம் கோடிக்கும் மேல் பாக்டீரியாக்கள் இருக்கும். லட்சக்கணக்கில் புரோட்டோசோவா என்னும் ஒற்றைச் செல் உயிர்களும், எண்ணிக்கையில் குறைவாகப் பூஞ்சைகளும் உண்டு.

நாரை உடைப்பதில் முன்னணி ஃபைப்ரோபாக்டர், ரூமினோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்கள். இவை நீரில் மிதந்துகொண்டு வேலை செய்வதில்லை. வைக்கோல் துணுக்கின் மேல் ஒட்டிக்கொண்டு அரிக்கின்றன. பூஞ்சைகளின் வேலை இன்னும் முரட்டுத்தனமானது. நியோகாலிமாஸ்டிக்ஸ் என்ற ரூமன் பூஞ்சை வேர் போன்ற இழைகளை வைக்கோல் துணுக்குக்குள் செலுத்தி அதைப் பிளக்கிறது. பிளந்த இடத்தில் பாக்டீரியா நுழைகிறது. இந்தப் பூஞ்சையின் நீந்தும் வித்துகளை விஞ்ஞானிகள் நெடுங்காலம் புரோட்டோசோவா என்றே நினைத்திருந்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் பூஞ்சை வாழாது என்பது அன்றைய பாடம். அது பூஞ்சைதான் என்று 1975-இல் காட்டியவர் காலின் ஆர்பின்.

உடைந்த நார் முதலில் சர்க்கரையாகிறது. அது உடனே புளித்து அசெட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாகிறது. கூடவே கார்பன்-டை-ஆக்சைடும் ஹைட்ரஜனும் வரும். அந்த இரண்டையும் சேர்த்து மீத்தேன் ஆக்கும் கூட்டம் தனி. மாடு ஏப்பம் விடும்போது வெளியேறுவது இந்த வாயுதான். ஒரு மாடு நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் மீத்தேன் விடுகிறது.

மாடு எங்கே நிறுத்துகிறது

இத்தனை மீத்தேன் விடும் மாடே நல்ல எரிவாயுக் கலன்தானே என்று தோன்றும். இல்லை. மாடு தின்னும் தீவனத்தின் ஆற்றலில் ஏறத்தாழ 6 சதவீதம்தான் மீத்தேனாகப் போகிறது. வைக்கோலின் ஆற்றலில் பெரும்பங்கு அமிலங்களில் இருக்கிறது. அவற்றை ரூமன் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. அமிலத்தை மீத்தேனாக விடுவது மாட்டுக்கு நஷ்டம். நமக்கோ அதுதான் லாபம்.

அசெட்டிக் அமிலத்தை மீத்தேனாக மாற்றும் நுண்ணுயிர்கள் ரொம்ப மெதுவாகப் பெருகுபவை. இரட்டிப்பாக அவற்றுக்கு ஒரு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். ரூமனில் நீர் ஒரு நாளுக்குள்ளும் வைக்கோல் இரண்டு மூன்று நாளுக்குள்ளும் கீழே இறங்கிவிடுகிறது. பெருகுவதற்குள் அடித்துச் செல்லப்படுவதால் இவை ரூமனில் நிலைப்பதில்லை. நார் உடைப்பவை விரைவில் பெருகுவதால் நிலைக்கின்றன. இரண்டு கூட்டத்தையும் ஒரே தொட்டியில் வைத்தால், நார் உடைப்பவற்றுக்கு ஏற்ற வேகம் மெதுவாகப் பெருகுபவற்றை அடித்துச் சென்றுவிடும்.

அதனால்தான் இரண்டு தொட்டி வேண்டும். முதல் தொட்டி ரூமன் வேலையைச் செய்யும்: சூடு, வேகம், நாரை அமிலமாக்குதல். இரண்டாவது தொட்டி மாடு செய்யாததைச் செய்யும்: நிதானமாக அமிலத்தை மீத்தேனாக்குதல். நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 1980-களில் இப்படியே இரண்டு கலன்களை இணைத்து ‘ருடாட்’ என்று பெயர் வைத்தார்கள்.

சாண எரிவாயுக் கலனில் சாணியோடு வைக்கோலையும் போட்டால் போதாதா என்று பலரும் கேட்பதுண்டு. சாணி என்பது ரூமன் கூழ் அல்ல. ரூமன் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை நான்காம் வயிற்றின் அமிலத்தில் செத்து மாட்டுக்கே உணவாகிவிடுகின்றன. சாணியில் வருவது பெருங்குடலின் கூட்டம். அதற்கும் நார் உடைக்கத் தெரியும், ஆனால் ரூமன் அளவுக்கு எண்ணிக்கையும் வேகமும் கிடையாது. தமிழ்நாட்டு வெப்பத்துக்குச் சாணக் கலனை, போட்டது 30 நாள் உள்ளே தங்கும்படி கணக்கிட்டுக் கட்டுவார்கள். அதில் போட்ட வைக்கோல் மேலே மிதந்து ஆடை கட்டி, வாயு வரும் வழியை அடைத்துவிடும். ரூமன் தொட்டியில் அதே வைக்கோலின் செரியக்கூடிய பகுதி மூன்று நாளில் உடையும்.

எந்த நார், எவ்வளவு வாயு

நெல் வைக்கோலில் செல்லுலோஸ் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதைப் போன்ற இன்னொரு நாரான ஹெமிசெல்லுலோஸ் நாலில் ஒரு பங்கை ஒட்டி. இவை இரண்டும்தான் வாயுவாகும். தண்டுக்கு விறைப்பு தரும் லிக்னின் காற்றில்லாத இடத்தில் கிட்டத்தட்ட உடைவதே இல்லை; போதாக்குறைக்கு அது செல்லுலோஸையும் மூடிக்கொண்டிருக்கும். சிலிகா வெறும் மண்.

ஒரு கிலோ காய்ந்த வைக்கோலில் ஈரத்தையும் சாம்பலையும் கழித்தால் 750 கிராம் மிஞ்சும். அதில் பாதி உடைகிறது என்று வைத்தால் 375 கிராம். ஒரு கிலோ செல்லுலோஸ் முழுதும் மாறினால் 415 லிட்டர் மீத்தேன் என்பது வேதியியல் கணக்கு. ஆக நமக்குக் கிடைப்பது 155 லிட்டர் மீத்தேன். பாதிக்குச் சற்று மேல் மீத்தேன் உள்ள எரிவாயுவாகச் சொன்னால் 280 லிட்டர். வீட்டு கேஸ் சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோவுக்கு ஈடாக ஏறத்தாழ 31 கன மீட்டர் எரிவாயு வேண்டும். அதாவது 110 கிலோ வைக்கோல், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு நல்ல வைக்கோலை யாரும் தொட்டியில் போட மாட்டார்கள், போடவும் கூடாது. நெல்லை மாவட்டத்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து படப்பாக அடுக்கும் வைக்கோல் மாட்டுக்கானது. தொட்டிக்குப் போக வேண்டியது, மழையில் நனைந்து மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்குவது, தொழுவில் மாடு கழித்துப்போட்ட கூளம், பத்தமடையில் பாய் முடைந்து வெட்டியெறியும் கோரை நுனி, தார் வெட்டிய பின் வயலில் கிடக்கும் வாழை மரம். கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்ததை மட்டும் சேர்க்க வேண்டாம்.

வாழை மரத்தில் லிக்னின் குறைவு, சீக்கிரம் உடையும். ஆனால் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ காய்ந்த நாருக்கு 10 கிலோவுக்கு மேல் மரம் நறுக்க வேண்டியிருக்கும். வைக்கோலில் பாதி, வாழையில் பாதி என்று காய்ந்த எடைக்குக் கலப்பது நல்ல சேர்க்கை. தேங்காய் மட்டை, பனை ஓலை, சவுக்குச் சிராய் போன்றவற்றை முதல் தொட்டியில் போட்டால் இடத்தை அடைப்பதோடு சரி. தேங்காய்த் தும்பில் லிக்னின் அவ்வளவு அதிகம். அதே காரணத்தால் அது இரண்டாவது தொட்டிக்குப் பொருத்தமான சரக்கு.

தொட்டிகள்

கற்றுக்கொள்ள ஏற்ற அளவு இது. முதல் தொட்டி, மூடி இறுகப் பூட்டும் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். அதில் 120 லிட்டர் கூழ். மீதி இடம் நுரைக்கும் வாயுவுக்கும். மூடியின் நடுவே கலக்கும் கம்பு. கம்பைச் சுற்றி ஒரு பி.வி.சி. குழாயை இறக்கி, அதன் வாய் கூழுக்கு அரையடி கீழே இருக்கும்படி வைத்தால் கலக்கும்போது காற்று நுழையாது. நார் போடும் குழாயும் இதே மாதிரி கூழுக்குள் முங்கியிருக்க வேண்டும். சக்கை அள்ளவும் அதே குழாய்தான், ஆகவே ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அடியில் ஒரு வால்வு, உள்பக்கம் கொசுவலை கட்டியது.

இரண்டாவது தொட்டி 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதற்குள் தும்பை வலைப் பைகளில் தளர்வாக அடைத்து அடுக்க வேண்டும். மெதுவாகப் பெருகும் நுண்ணுயிர்கள் தும்பின் இழைகளில் பிடித்துக்கொள்ளும். நீர் ஓடினாலும் அவை ஓடிப்போகாது. அமில நீர் அடியில் நுழைந்து மேலே வழிந்து வெளியேற வேண்டும். இரண்டு தொட்டியின் வாயுவையும் ஒரே பலூனுக்குக் கொண்டுபோகலாம். முதல் தொட்டி வாயுவில் மீத்தேன் கால் பங்குதான், தனியாக எரியாது. இரண்டாவதன் வாயுவோடு கலந்தால் எரியும்.

விதைக் கூழ் ஆட்டின் ரூமனிலிருந்தே கிடைக்கும். ஒரு நடுத்தர ஆட்டில் மூன்று நாலு கிலோ பச்சைக் கூழ் இருக்கும். அறுக்கும் இடத்தில் அது எப்படியும் குப்பைக்குத்தான் போகிறது. கால்நடை மருத்துவர் பரிசோதித்து அனுமதிக்கும் ஆடறுப்புக் கூடத்திலேயே வாங்குங்கள். கையுறை கட்டாயம், அடைப்பான், புருசெல்லோசிஸ் மாதிரி நோய்கள் மனிதனுக்கும் தொற்றும். அறுத்த அரை மணி நேரத்துக்குள் கூழை எடுக்க வேண்டும். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய ஃபிளாஸ்க்கிலோ மூடியுள்ள ஐஸ்பெட்டியிலோ (ஐஸ் இல்லாமல்தான்) விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். மேலே இடம் விட்டால் அங்கே நிற்கும் காற்றே பலவற்றைக் கொன்றுவிடும். இன்னொன்று: துணியில் பிழிந்து சாற்றை மட்டும் கொண்டுவருபவர்கள் உண்டு. நார் உடைப்பவற்றில் பெரும்பகுதி சக்கையில் ஒட்டியிருக்கிறது. பிழிந்து எறிவது அவற்றைத்தான். சக்கையோடு கொண்டுவாருங்கள்.

120 லிட்டருக்கு 15 கிலோ கூழ் போதும். மீதிக்குக் கிணற்று நீர், 40 டிகிரிக்குச் சூடாக்கியது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். அதில் அரை கிலோ ஆப்ப சோடாவைக் கரையுங்கள். மாடு ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் எச்சில் விழுங்குகிறது. அந்த எச்சிலில் இருக்கும் பைகார்பனேட்தான் ரூமன் புளித்துப் போகாமல் காக்கிறது. தொட்டிக்கு எச்சில் ஊறாது, சோடாதான் அதன் இடத்தில்.

இரண்டாவது தொட்டிக்கு, நன்றாக எரிந்துகொண்டிருக்கும் சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளியேறும் கரைசல் 200 லிட்டர், மீதி தண்ணீர். இதற்கு ரூமன் கூழ் போட்டுப் பயனில்லை. மூடி இரண்டு வாரம் சும்மா விடுங்கள். முதல் தொட்டியை அதன் பிறகு தொடங்கலாம்.

அன்றாடம்

வைக்கோலை ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு நறுக்கி, முந்தின நாள் இரவே வெதுவெதுப்பான நீரில் ஊற வைக்க வேண்டும். ஊறாத வைக்கோல் மிதக்கும். மிதப்பதை நுண்ணுயிர் தின்னாது. முதல் வாரம் நாளுக்கு 300 கிராம். பிறகு மெல்ல ஏற்றி மூன்றாம் வாரம் 1.2 கிலோ. இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுவது நல்லது.

வைக்கோலில் கார்பனுக்குத் தக்க நைட்ரஜன் இல்லை. 60-க்கு ஒன்று, அதற்கும் மோசம். 30-க்கு ஒன்று வரை வந்தால் நுண்ணுயிர் பெருகும். கிலோ வைக்கோலுக்கு 15 கிராம் யூரியாவை ஊறும் நீரிலேயே கரைத்தால் கணக்கு சரியாகும். ஒரு பிடி அதிகமானால் நல்லதுதானே என்று அள்ளிப் போட்டால் அம்மோனியா ஏறி எல்லாம் நின்றுவிடும்.

தினமும் காலையில் 40 லிட்டர் அமில நீரை அடி வால்வு வழியாக எடுத்து இரண்டாவது தொட்டிக்கு அனுப்பி, அங்கே வழிந்துவரும் 40 லிட்டரைச் சூடாக்கி முதல் தொட்டிக்குத் திருப்புங்கள். இந்தச் சுற்று முக்கியம். அமிலத்தைத் தின்று முடித்த நீர் பைகார்பனேட்டோடு திரும்புவதால் சோடாவின் தேவை வெகுவாகக் குறையும். மூன்று நாளைக்கு மேல் பழைய சக்கையைக் கரண்டியால் அள்ளிப் பிழிந்து, சாற்றை உள்ளேயே விட வேண்டும். நாளுக்கு நாலைந்து கிலோ ஈரச் சக்கை வரும். எல்லாம் பிடித்துக்கொண்டால் நாளுக்கு 330 லிட்டர் வாயு கிடைக்கும். சிறிய பர்னரில் முக்கால் மணி நேரம்.

சூடு 38 முதல் 40 டிகிரி. பாளையங்கோட்டை சித்திரை வெயிலில் கறுப்பு டிரம் பகலில் தானாகவே 35-ஐத் தாண்டும். மார்கழி இரவில் வெளிச்சூடு 23-க்கு வந்துவிடும். டிரம்மைச் சுற்றி ஓரடி கனத்துக்குக் கூளம் திணித்துத் தார்ப்பாயால் கட்டினால் இறக்கம் குறையும். மீன் தொட்டி ஹீட்டர் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு உள்ளே இறக்கினால் நிச்சயம். 30 டிகிரியிலும் ஓடும், ஆனால் ஏறத்தாழ பாதி வேகம்தான். முதல் தொட்டிக்கு மட்டும்தான் இத்தனை உபசாரம். இரண்டாவது ஊர் வெயிலிலேயே ஓடும்.

எங்கே கெட்டுப்போகும்

முதல் எதிரி புளிப்பு. மாட்டுப் பொங்கலன்று பாசத்தில் பொங்கல் சோற்றை வாளி வாளியாக வைத்து, மறுநாள் வயிறு உப்பி மாடு படுத்துக்கொள்வது ஊரில் எல்லாரும் அறிந்தது. மாவுச்சத்து நாரைவிடப் பல மடங்கு வேகமாகப் புளிக்கும். லாக்டிக் அமிலம் குவிந்து, நார் உடைப்பவை செயலற்றுப் போகின்றன. மீந்த சோறு, கழனித் தண்ணீர், அழுகிய பழம் எதையாவது முதல் தொட்டியில் கொட்டினால் அங்கும் இதேதான். பி.எச். தாள் வாங்கித் தினமும் பாருங்கள். 6.2-க்கும் 6.8-க்கும் நடுவே இருந்தால் நலம். 6-க்குக் கீழே போனால் செல்லுலோஸ் உடைவது நின்றுவிடும். நார் போடுவதை ஒரு நாள் நிறுத்தி, 100 கிராம் சோடாவைக் கரைத்து ஊற்றி, சில மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு வேண்டாம், அளவு தப்பினால் ஒரேயடியாக ஏறிவிடும், அடியிலும் படியும்.

இரண்டாவது தொட்டி 6.8-க்குக் கீழே இறங்கினால், அது தின்னும் வேகத்தைவிட அதிகமாக அமிலம் அனுப்புகிறோம் என்று பொருள். 40 லிட்டரை 20 ஆக்கி ஒரு வாரம் பொறுக்க வேண்டும். இங்கே அவசரப்படுவதால்தான் பெரும்பாலான தொட்டிகள் சாகின்றன.

மூன்றாவது பிரச்சினை கண்ணுக்குத் தெரியாது. வாரங்கள் போகப் போக ரூமன் கூட்டம் தொட்டியில் மாறிவிடும். பெரிய புரோட்டோசோவாக்கள் முதலில் மறையும், பூஞ்சைகள் மெலியும். வாயு வந்துகொண்டே இருப்பதால் நாம் கவனிக்க மாட்டோம். இதைக் கண்டுபிடிக்கக் கால்நடைக் கல்லூரிகளில் மாட்டின் விலாவில் துளையிட்டுச் செய்யும் நைலான் பைச் சோதனையைத் தொட்டியிலேயே செய்யலாம். நுண்ணிய கண்ணுள்ள நைலான் துணியில் பை தைத்து, நன்கு காய்ந்த வைக்கோல் துணுக்கு 10 கிராம் போட்டு, கல் கட்டிக் கூழுக்குள் 48 மணி நேரம் தொங்கவிடுங்கள். எடுத்துத் தெளிந்த நீர் வரும்வரை அலசி, காயவைத்து எடை போடுங்கள். 6 கிராம் மிஞ்சினால் தொட்டி மாட்டுக்கு நிகராக வேலை செய்கிறது. 8 கிராம் மிஞ்சினால் புதிதாக ஐந்து கிலோ ரூமன் கூழ் விட வேண்டிய வேளை. மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஃபினாயில், சோப்புத் தண்ணீர், ஆன்டிபயாடிக் ஊசி போட்ட ஆட்டின் கூழ் மூன்றும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

வாயுவில் அழுகிய முட்டை வாடை அடித்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. பர்னரை அரிக்கும், மூச்சுக்கும் ஆகாது. துருப்பிடித்த இரும்புச் சீவலைக் குழாயில் அடைத்து அதன் வழியே வாயுவை விட்டால் பிடித்துக்கொள்ளும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்திருந்தால் தீப்பொறியில் வெடிக்கும். முதல் பத்துப் பதினைந்து நாள் வரும் வாயுவைத் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். உள்ளே நின்ற காற்று அதோடுதான் வெளியேறுகிறது. எரிகிறதா என்று டிரம்மின் வாயில் தீக்குச்சி நீட்டிப் பார்ப்பது உயிருக்கு உலை. பர்னரில் மட்டும், இடையில் தண்ணீர்ப் பூட்டு (வாயு தண்ணீருக்குள் குமிழிட்டுச் செல்லும் அமைப்பு) வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய தொட்டி கட்டுபவர்கள் சுத்தம் செய்ய உள்ளே ஆளை இறக்கவே கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி வரும்: இந்த நுண்ணுயிர்களின் நொதியை மட்டும் பிரித்தெடுத்து வைக்கோலை எத்தனாலாக்க முடியாதா? அதற்குத்தான் உலகெங்கும் தேடுகிறார்கள். 2011-இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று மாட்டின் ரூமனில் புல்லை ஊற வைத்து, அதில் ஒட்டிய நுண்ணுயிர்களின் மரபணுக்களைப் படித்து, மாவுச்சத்தையும் நாரையும் கையாளும் நொதிகளுக்கானவை எனக் கருதத்தக்க 27,755 மரபணுக்களை வரிசைப்படுத்தியது. ஒரு நொதி போதாது, கூட்டமாக வேண்டும் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. தொட்டிக்காரருக்கு அந்தக் கூட்டம் ஆட்டுக் கூழில் சும்மா கிடைக்கிறது.

பிழிந்த சக்கையில் லிக்னினும் சிலிகாவும்தான் மிகுதி. ஈரத்தோடு நேராக நெல் வயலில் போட்டால், அதை மக்க வைக்கும் மண் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும்; பயிர் வெளிறும். சாணியோடு அடுக்கி இரண்டு மாதம் மக்கவிட்டு, கார்ப் பருவ நெல்லுக்கு உழும்போது போடலாம். இரண்டாவது தொட்டியில் மிஞ்சும் நீரில் பொட்டாஷ் நிறைய. அதை ஒன்றுக்கு நாலு தண்ணீர் கலந்து வாழைக்கு விடுவது அதிகப் பலன் தரும்.